இன்னைக்குப் பறக்கல

சனிக்கிழமை காலை. கிளப் ப்ராக்டிஸ் கேன்சல்னு வாட்ஸ்அப் குரூப்ல மெசேஜ் வருது. நீங்க என்ன பண்ணுவீங்க? ஒரு தம்ஸ்-அப் போட்டுட்டு, போர்வையை இழுத்து மூடிட்டுத் தூங்குவீங்க. நானும் நாலு வருஷம் அதைத்தான் பண்ணினேன். தூங்குறது தப்புன்னு சொல்ல வரல. ஆனா கேன்சல் ஆன நாள்ல தூங்கிப் பழகிய கிளப்புக்கு, கேன்சல் பண்ண வேண்டிய நாள்ல கேன்சல் பண்ற தைரியம் வராதுன்னு இப்போ நினைக்கிறேன். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. ஒரு மழை நாளைப் பற்றிச் சொன்னால் புரியும்.

நம்ம ஏரோ டிபார்ட்மென்ட்ல பாஸ் அவுட் ஆகி, மாஸ்டர்ஸ் படிக்க ஜெர்மனி வந்து ஒரு வருஷம் ஆகப்போகுது. இங்கே ஊருக்கு வெளியே, கோதுமை வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு கிளைடிங் கிளப்பில் சேர்ந்திருக்கிறேன். உடனே "பணக்கார விளையாட்டு"ன்னு முடிவு கட்டாதீங்க. இங்கே பெரும்பாலான கிளைடிங் கிளப்கள் உறுப்பினர்களே நடத்தும் சங்கங்கள்தான். சொல்லிக்கொடுப்பவர்களுக்குச் சம்பளம் கிடையாது. புல் வெட்டுவது, டாய்லெட் கழுவுவது, விமானத்தைப் பழுது பார்ப்பது எல்லாம் உறுப்பினர்கள் கையில். வருஷத்துக்கு இத்தனை மணி நேரம் வேலை செய்தாக வேண்டும் என்று கணக்கு இருக்கும். குறைந்தால் அதற்குக் காசு கட்ட வேண்டும்.

கிளைடர் என்றால் என்ஜின் இல்லாத விமானம் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் கிளப்பில் பழகுவதற்கு இருப்பது ஏ.எஸ்.கே. 21. முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 17 மீட்டர் இறக்கை. இதை மேலே ஏற்றுவது மைதானத்தின் மறு கோடியில், கிட்டத்தட்ட 1 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் வின்ச். ஒரு பெரிய என்ஜின், ஒரு டிரம், அதில் சுற்றிய கேபிள், அவ்வளவுதான். நூலைப் பிடித்துக்கொண்டு ஓடினால் காத்தாடி எப்படி எழும்புமோ, அப்படியே கேபிளை இழுக்க இழுக்கக் கிளைடர் எழும்பும். சுமார் 400 மீட்டர் உயரத்தில் கேபிளைக் கழற்றி விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு உங்களுக்கும் பருந்துக்கும் ஒரே பிழைப்பு. மத்தியான வெயிலில் நம்ம ஹாஸ்டல் மொட்டை மாடிக்கு மேலே பருந்து இறக்கையே அடிக்காமல் வட்டம் போடுமே, அந்த மேலேறும் சூடான காற்றைத் தேடிப் பிடித்தால் மணிக்கணக்கில் இருக்கலாம். பிடிக்கவில்லை என்றால் ஐந்தாறு நிமிடத்தில் தரையில்.

இதிலிருந்தே தெரியும், வானிலை சரியில்லை என்றால் இந்தக் கூட்டத்துக்கு வேலையே இல்லை. மழையில் ஏன் பறக்கக் கூடாது என்று முதல் வாரம் நான் கேட்டேன். வைவாவில் வாங்கியதை விட நிறைய வாங்கினேன். கிளைடர் இறக்கையின் மேல் காற்று கலங்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நாம் லேமினார் ஃப்ளோ என்று பரீட்சைக்குப் படித்தது அதுதான். மழைத் துளி முத்து முத்தாக இறக்கையில் உட்கார்ந்தால் அந்த ஓட்டம் கெட்டுப்போகும். கீழே இறங்கும் வேகம் கூடும், ஸ்டால் ஆகும் வேகமும் கூடும். கேனபியில் தண்ணீர் வழிந்தால் முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. மேகம் 200 மீட்டரில் தொங்கினால் 400 மீட்டருக்கு ஏற்றும் வின்ச்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குறுக்குக் காற்று பலமாக அடித்தால் கழற்றிவிட்ட கேபிள், தன் குட்டிப் பாராசூட்டோடு மிதந்து போய்ப் பக்கத்து ரோட்டில் விழும். இடி வந்தால் ஒரு கிலோமீட்டர் கம்பிக்குப் பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். ஒன்றுமே இல்லாவிட்டாலும், ஊறிய புல்தரையில் இழுவை வண்டி சிக்கிக்கொள்ளும்.

நான் சொல்ல வந்த நாள், இதில் பாதிக் காரணம் ஒன்றாக வந்த நாள். காலை 9 மணிக்கு எல்லோரும் ஹேங்கரில் வட்டமாக நின்றோம். அன்றைக்குப் பொறுப்பில் இருந்த பயிற்றுநர் ஒரு அம்மா, பள்ளிக்கூட டீச்சர். போனில் வானிலைத் துறையின் கிளைடர் அறிக்கையை வாசித்தார். "11 மணிக்குத் திரும்பப் பார்ப்போம்" என்றார். பதினொன்றுக்கு வெளியே போனார், மேகத்தைப் பார்த்தார், காற்றுப்பையைப் பார்த்தார், குதிகாலால் புல்லை அழுத்திப் பார்த்தார். உள்ளே வந்து, "இன்னைக்குப் பறக்கல" என்றார். அவ்வளவுதான். முகத்தில் ஒரு வருத்தம் கிடையாது, ஒரு மன்னிப்பு கிடையாது. நம்ம ஊரில் ஒரு நிகழ்ச்சியை நிறுத்தினால் அதற்கு முன்னால் மூன்று பேரிடம் பெர்மிஷன், பின்னால் ஐந்து பேரிடம் சாரி. எனக்கு அது விசித்திரமாக இருந்தது.

அதைவிட விசித்திரம், யாரும் கிளம்பவில்லை. சரி, உண்மையைச் சொல்லணும்னா நாலு பேர் கிளம்பினாங்க. அதில் ஒருத்தர் 80 கிலோமீட்டர் கார் ஓட்டி வந்தவர், கதவைச் சாத்திய சத்தத்திலேயே கோபம் தெரிந்தது. மீதி பதினைந்து பேர் ஹேங்கர் சுவரில் தொங்கும் வெள்ளைப் பலகைக்கு முன்னால் போய் நின்றார்கள். அதன் தலைப்பு 'மழை நாள் வேலை'. நல்ல வெயில் நாளில் யாராவது ஒரு சின்னக் குறையைப் பார்ப்பார்கள்: டிரெய்லர் டயரில் காற்று குறைவு, ஒரு சீட் பெல்ட் பிரி விட்டிருக்கு, கேனபி கீல் கிறீச்சிடுது. பறக்கத் தடையான குறை என்றால் அந்த விமானம் அப்போதே ஓரம் கட்டப்படும். மற்றதெல்லாம் இந்தப் பலகைக்குப் போகும். வெயில் நாளில் அதை எவனும் தொட மாட்டான். மழை பெய்தால் பலகை காலியாகத் தொடங்கும்.

எனக்குக் கிடைத்த வேலை கேபிள். எங்கள் வின்ச்சில் இருப்பது இரும்புக் கம்பி இல்லை, செயற்கை இழைக் கயிறு. எடை குறைவு. அறுந்தால் முடிச்சுப் போட முடியாது, முடிச்சு அந்த இடத்தைப் பலவீனமாக்கிவிடும். உள்ளே குழல் மாதிரி பின்னிய கயிறு இது. ஒரு முனையை மற்றதன் வயிற்றுக்குள் நீளமாகச் செருகி விட வேண்டும். இழுக்க இழுக்க வெளிப்பின்னல் உள்ளே இருப்பதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது பதினைந்து வயசுப் பொண்ணு. இங்கே 14 வயசில் தனியாகப் பறக்கலாம், அவள் ஏற்கெனவே பறந்துவிட்டாள். நான் பி.இ. முடித்தவன். நான் போட்ட இணைப்பை அவள் இரண்டு முறை உருவிப் போட்டாள். "செருகின நீளம் போதல" என்றாள். மூன்றாவது தடவை ஒன்றும் சொல்லாமல் அடுத்த துண்டை எடுத்துக் கையில் கொடுத்தாள். எட்டு செமஸ்டரில் எனக்குக் கிடைத்த எந்த கிரேடும் அவ்வளவு சந்தோஷம் தரவில்லை.

கேபிளுக்கும் கிளைடருக்கும் நடுவில் ஒரு சின்ன உலோகத் துண்டு வரும். வேண்டுமென்றே பலவீனமாகச் செய்த துண்டு. எலெக்ட்ரிக்கல் பசங்களுக்கு ஒரே வார்த்தை, ஃப்யூஸ். இழுவிசை எல்லை மீறினால் இறக்கை முறிவதற்கு முன்னால் இது முறிந்துவிடும். எந்த விமானத்துக்கு எது என்று குழம்பாமல் இருக்க நிறம் கொடுத்திருக்கிறார்கள். கருப்பு 1000 டெக்காநியூட்டன், பழுப்பு 850, சிவப்பு 750, நீலம் 600, வெள்ளை 500, மஞ்சள் 400, பச்சை 300. அன்றைக்கு ஒவ்வொன்றையும் துடைத்து, துளை நீண்டிருக்கிறதா, விரிசல் விழுந்திருக்கிறதா என்று விளக்கடியில் பார்த்தோம். சந்தேகமாக இருந்த இரண்டு குப்பைக்குப் போயின. 'முறிய வேண்டிய இடத்தில் முறிய வேண்டும்' என்பதற்காக ஒரு பாகத்தை டிசைன் செய்வது பற்றி நான் மெஷின் டிசைன் பேப்பரில் எழுதியிருக்கிறேன். கையில் வைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

மத்தியானம் சூப். இன்னொரு மழை நாளில் நான் ரசம் வைத்தேன். வின்ச் ஓட்டும் தாத்தா இரண்டாவது கப் கேட்டார். எழுபது வயசுக்கு மேல். ஜெர்மன் கிளப்களில் எல்லோரும் எல்லோரையும் 'நீ', பெயர் சொல்லித்தான் கூப்பிடணும். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு இரண்டு மாசம் வளையவில்லை. தமிழில் எழுதும்போது 'அவர்'னுதான் எழுதுவேன், கை வேற மாதிரி போகாது.

சாப்பாட்டுக்கு அப்புறம் அவர் குச்சியில் செருகிய மர மாடல் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். ஏவும்போது மூக்கு வானத்தைப் பார்த்து நாற்பது டிகிரிக்கு மேல் தூக்கியிருக்கும். மாடலை அப்படிப் பிடித்துக்கொண்டு, "80 மீட்டர். கேபிள் அறுந்துடுச்சு. நீ என்ன பண்ணுவ?" என்றார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "மைதானம் இடப்பக்கம் இருக்கு, இடப்பக்கம் திரும்புவேன்" என்றேன். கயிறு பின்னிய பொண்ணு நிமிர்ந்து கூடப் பார்க்காமல், "செத்துட்ட" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம் தாத்தா பொறுமையாகச் சொன்னார். இழுவை நின்ற நொடியிலிருந்து வேகம் விழுந்துகொண்டே இருக்கும். முதலில் மூக்கைக் கீழே தள்ளு. வேகம் வரும் வரை வேறு எதையும் தொடாதே. வேகமானி போதும் என்று சொன்ன பிறகுதான் யோசனை: நேராக இறங்க இடம் இருக்கா, இல்லை சின்ன வட்டம் போட்டு வரணுமா. திரும்புவது முதல் வேலை இல்லை. 50 மீட்டர், 120 மீட்டர், 200 மீட்டர், எதிர்க்காற்று, காற்றே இல்லை என்று ஒரு மணி நேரம் மாற்றி மாற்றிக் கேட்டார். அன்றைக்கு நான் ஆறு தடவை செத்தேன். மூன்று வாரம் கழித்து நிஜமாகவே 90 மீட்டரில் பயிற்றுநர் கேபிளைக் கழற்றிவிட்டார், சொல்லாமல். என் கை தானாக முன்னால் போச்சு. அதைப் பற்றிப் பெருமையடிக்க ஒன்றுமில்லை. மழை நாளில் செத்துப் பழகியது வேலை செய்தது, அவ்வளவுதான்.

நடுவில் ஒரு குடும்பம் வந்தது. ஐந்து பேர், குடையோடு. தாத்தாவுக்கு 80 வயசுப் பிறந்தநாள், பரிசாக ஒரு பறப்புச் சீட்டு வாங்கிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு மணி நேரம் பயணம் செய்து வந்திருந்தார்கள். அப்போது மழை நின்று லேசாக வெளிச்சம் கூட வந்திருந்தது. நான் மனசுக்குள்ளே, 'ஒரே ஒரு ரவுண்டு ஏத்திவிட்டா என்ன?' என்றுதான் நினைத்தேன். அந்த டீச்சரம்மா, "இன்னைக்கு இல்லை. சீட்டு செல்லும், இன்னொரு நாள் வாங்க" என்றார். பிறகு அந்தப் பெரியவரை ஹேங்கருக்குள் கூட்டிப்போய்க் காக்பிட்டில் உட்கார வைத்து, பெல்ட் போட்டு, கேனபியை மூடி, நம்ம பதினைந்து வயசு இன்ஸ்ட்ரக்டரைப் பக்கத்தில் நிறுத்தினார். நாற்பது நிமிஷம் அவர் இறங்கவே இல்லை.

அந்த நாற்பது நிமிஷமும் நான் வேற ஒருத்தரை நினைத்துக்கொண்டிருந்தேன். நம்ம காலேஜ் கிரவுண்டுக்கு வந்த ஒரு சீஃப் கெஸ்ட்டை.

நான் ஃபைனல் இயர். ஆடி மாசம். டிபார்ட்மென்ட் அசோசியேஷன் இனாகுரேஷன். நாங்கள் மூன்று மாசமாகக் கட்டிய ஆர்.சி. விமானத்தைப் பறக்கவிட்டு விழாவைத் தொடங்குவதாகத் திட்டம். பத்தரைக்கு வர வேண்டியவர் பன்னிரண்டே காலுக்கு வந்தார். காலையில் இலை அசையாமல் இருந்த கிரவுண்டில் அதற்குள் ஷாமியானா துணி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னு பாட்டி சொல்லிக் கேட்டவங்கதான் நாங்க எல்லோரும். எங்கள் லேப் கதவில் நாங்களே எழுதி ஒட்டிய விதி ஒன்று இருந்தது: காற்று 20 கிலோமீட்டருக்கு மேல் என்றால் பறப்பு இல்லை. கீழே டீம்ல எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தோம்.

காற்றை அளக்கும் மீட்டர் ஒரு செகண்ட் இயர் பையன் கையில் இருந்தது. "அண்ணா, 31 காட்டுது" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரீடிங் தப்பா இருக்கும்டா. திரும்ப எடு." திரும்ப எடுத்தான். "29, அண்ணா." நான் அதற்குப் பதிலே சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவன் "மச்சி, எல்லாரும் பாக்குறாங்கடா" என்றான். அதோடு முடிவாகிவிட்டது. விமானம் எழும்பியது, கூட்டம் கை தட்டியது, காற்று ஒரு இறக்கையைத் தூக்கியது, திருப்பியது, ஷாமியானா ஓரத்தில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலி வரிசையில் மூக்கைக் குத்தி நின்றது. ஒரு நாற்காலியின் முதுகு பிளந்துவிட்டது. கேன்டீன் அண்ணன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து டம்ளர் அடுக்கிக்கொண்டிருந்தவர். காபி தீர்ந்துவிட்டது என்று ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் முன்னால்தான் எழுந்து போயிருந்தார்.

யாருக்கும் அடி இல்லை. சாயந்திரம் குரூப்பில் "ஹார்ட் லக் மச்சி", "நெக்ஸ்ட் டைம்", ஒரு அழுகிற பொம்மை. '31' என்ற எண்ணை யாரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. அந்தப் பையனும் எழுதவில்லை.

ரொம்ப நாளாக இதை என் கோழைத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோழைத்தனம் இல்லாமல் இல்லை. ஆனால் மழையில் கயிறு பின்னிக்கொண்டிருந்தபோது வேறு ஒன்று பிடிபட்டது. அந்த ஆடி மாசத்து நாளில் பறப்பதைத் தவிர எங்களுக்கு வேறு எதுவுமே இல்லை. பறக்கவில்லை என்றால் அந்த நாள் பூஜ்யம். மூன்று மாச உழைப்பு பூஜ்யம். ஒரு பக்கம் பூஜ்யம், இன்னொரு பக்கம் கைதட்டல் என்று தராசில் வைத்தால் 31 என்ற எண்ணுக்கு எடையே கிடையாது. டீச்சரம்மா அப்படி ஒரு தராசில் நிற்கவில்லை. அவர் "இன்னைக்குப் பறக்கல" என்று சொன்னால் பதினைந்து பேருக்குச் சாயந்திரம் வரை வேலை இருக்கிறது, கற்றுக்கொள்ள இருக்கிறது, சூப் இருக்கிறது. இழப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. அதனால்தான் அவர் குரல் நடுங்கவில்லை. நம்மைவிட அவர் தைரியசாலி என்பதால் இல்லை.

இங்கே யாரும் தப்பே பண்ணுவதில்லை என்று சொல்லவில்லை. 1926-ல் ரோன் மலையில் நடந்த கிளைடர் போட்டியில் மாக்ஸ் கேகல் என்பவர் இடிமேகத்தில் மாட்டிக்கொண்டார். மேகம் உறிஞ்சி மேலே இழுத்து, கடைசியில் 55 கிலோமீட்டர் தள்ளி இறக்கிவிட்டது. உயிரோடு வந்ததால் அது சாதனை ஆயிற்று, 'இடிமழை மாக்ஸ்' என்று பட்டப்பெயரும் கிடைத்தது. இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்கிறார்கள். அன்றைக்கு மேகத்தைப் பார்த்து ஹேங்கரிலேயே இருந்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. இறங்கி வந்தவன் கதைதான் கேட்க நல்லா இருக்கும், அது இங்கேயும் அப்படித்தான்.

இப்போ நீங்க சொல்லப்போவது எனக்குத் தெரியும். "அண்ணா, அவங்களுக்கு டைம் இருக்கு. எங்களுக்கு 75 பர்சென்ட் அட்டென்டன்ஸ், இன்டெர்னல், பிளேஸ்மென்ட் ட்ரெயினிங். பொண்ணுங்களுக்கு ஹாஸ்டல் இன்-டைம் வேற. லேப் சாவி நாலரை மணிக்கு லேப் அசிஸ்டென்ட் அண்ணன் கூடவே பஸ் ஏறிடும்." எல்லாமே உண்மை. அதிலும் சாவி விஷயம் மிகப் பெரிய உண்மை. ஆனா டைம் பற்றிச் சொன்னதை மட்டும் ஒத்துக்க மாட்டேன். கிளைடிங் மாதிரி டைம் தின்னும் விஷயம் எதுவும் இல்லை. நல்ல நாளிலேயே பன்னிரண்டு மணி நேரம் மைதானத்தில் நின்று இருபது நிமிஷம் பறப்பேன். லைசென்ஸுக்கு எழுத வேண்டிய தியரி 9 பாடம், நம்ம செமஸ்டரை விட அதிகம். பலருக்கு இது அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள், எங்கள் கிளப்பிலேயே என்னோடு சேர்ந்த இரண்டு பேர் இப்போது வருவதில்லை. எனக்கே சில சனிக்கிழமை அலாரத்தை அடித்து உடைக்கத் தோன்றும்.

இன்னொரு விஷயம், ஸ்டூடென்ட் கிளப்பால என்ன பெருசா ஆகிடும்னு நினைக்காதீங்க. ஜெர்மன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் அகாஃப்ளீக் என்று மாணவர் குழுக்கள் இருக்கின்றன. ஸ்டூடென்ட்ஸே கிளைடரை டிசைன் பண்ணி, கட்டி, பறப்பார்கள். கண்ணாடி இழையில் செய்த உலகின் முதல் கிளைடரான எஃப்.எஸ். 24 ஃபீனிக்ஸ், 1957-ல் பறந்தது, ஸ்டுட்கார்ட் குழுவில் தொடங்கிய விமானம். அதைச் செய்தவர்களில் ஒருவர் ரிச்சர்ட் எப்ளர். ஆர்.சி. கட்டுறவங்களுக்குப் பெயர் தெரிஞ்சிருக்கும், ஏர்ஃபாயில் லிஸ்ட்டில் 'எப்ளர்' என்று வருமே, அவரேதான். 1964-ல் டார்ம்ஸ்டாட் மாணவர்கள் டி-36 என்ற கிளைடரைக் கட்டினார்கள். அந்தக் குழுவிலிருந்த லெம்கே, வைபல், ஹோலிகாஸ் மூன்று பேரும் மூன்று வெவ்வேறு கம்பெனிகளுக்குப் போய், அடுத்த பல வருஷங்களுக்கு உலகம் பறந்த கிளைடர்களை டிசைன் பண்ணினார்கள். இவங்க யாரும் இதை மேடையில் கட்டவில்லை. பட்டறையில், ஈரத் துணியும் ரெசின் வாடையுமாக, பறக்க முடியாத மாசங்களில் கட்டியது.

நம்ம நாட்டிலும் ஒரு வரிசை உண்டு. சிவில் ஏவியேஷன் துறை முன்பு டிசைன் பண்ணிய கிளைடர்களின் பெயர்களைக் கேளுங்க: அஷ்வினி, பரணி, கார்த்திக், ரோஹிணி, மிருகசீர், ஆர்த்ரா. நட்சத்திர வரிசைப்படியே வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். திருவாதிரையோடு நின்றுவிட்டது, இருபத்தேழில் ஆறு. புனேயில் ஹடப்சரில் அரசாங்க கிளைடிங் மையம் இருக்கு, ஐ.ஐ.டி. கான்பூரில் சொந்த ரன்வே இருக்கு. பக்கம் போனால் எட்டிப் பாருங்க.

நம்ம கிளப்களுக்கு, ஆர்.சி. மட்டுமில்லை, ரோபோட்டிக்ஸ், கோ-கார்ட், ராக்கெட்ரி எல்லாத்துக்கும்தான் சொல்றேன், முதல் வேலை அந்தப் பலகை. ஒரு வெள்ளைச் சார்ட்டை எடுத்து லேப் சுவரில் ஒட்டுங்க. பறக்கும் நாளில், ஓட்டும் நாளில் கண்ணில் படுகிற சின்னக் குறையை எல்லாம் அதில் எழுதுங்க. கேன்சல் ஆனால் அதில் மூன்றாவது வரியைச் செய்யுங்க. முழு நாள் கூட வேண்டாம், இரண்டு மணி நேரம். சீனியர் ஒருத்தர் மாடலைக் கையில் பிடிச்சு, "ரேஞ்ச் போயிடுச்சு, என்ன பண்ணுவ?"ன்னு ஜூனியரைக் கேட்கட்டும். ஜூனியர் சீனியரைக் கேட்டா இன்னும் நல்லது.

விழாவுக்கு அழைப்பிதழ் அடிக்கும்போதே, காற்று அதிகம் என்றால் மேடைக்குப் பக்கத்தில் விமானத்தைப் பிரித்துக் காட்டுவோம்னு திட்டத்தில் எழுதிடுங்க. சீஃப் கெஸ்ட் கோபிக்க மாட்டார். பறக்கிறதைத் தூரத்திலிருந்து பார்ப்பதை விட அவருக்கு அது பிடிக்கலாம், அந்த 80 வயசுக்காரரைப் பார்த்ததால் சொல்றேன். மீட்டர் யார் கையில் இருக்கோ, அவங்க சொல்றதுதான் முடிவு. கிளைடர் கிளப்பில் ஏவும் நேரத்தில் யார் 'நிறுத்து'ன்னு கத்தினாலும் நிறுத்தியாகணும். முதல் நாள் வந்தவன் கத்தினாலும் சரி. ஏன் கத்தினன்னு அப்புறம் கேட்பாங்க, திட்ட மாட்டாங்க. நான் ஒரு தடவை கத்தியிருக்கேன். புல்லில் கிடந்த ஒரு தொப்பியை வேற என்னமோன்னு நினைச்சு. ஏவுதல் நின்னுச்சு, தொப்பியை எடுத்தாங்க, திரும்ப ஏவினாங்க.

ஸ்டாஃப் யாராவது இதைப் படிச்சா, அந்தச் சாவி விஷயம் மட்டும் கொஞ்சம் பாருங்க சார், மேடம்.

அந்த செகண்ட் இயர் பையன் இப்போ ஃபைனல் இயர், டீம் கேப்டன். இந்தக் கட்டுரைக்காக அவனுக்கு போன் பண்ணினேன். 31 பற்றிப் பேசினோம், முதல் தடவையாக. "நான் இன்னும் சத்தமா சொல்லியிருக்கணும் அண்ணா" என்றான். அவன் சத்தமாகத்தான் சொன்னான், எனக்குக் கேட்டது என்று அவனிடம் சொன்னேன். போன வாரம் ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தான். "அண்ணா, இன்னைக்கு காத்து 26. பறக்கல. கனெக்டர் எல்லாத்தையும் புதுசா சால்டர் பண்ணிட்டு இருக்கோம். ஏழு பேர் வந்திருக்காங்க. சாவி ஆறு மணி வரைக்கும் தந்திருக்காங்க."